கை எட்டாத தொட்டில்

உயரம் குறைந்த பெண்ணுக்கு இந்த உலகத்தில் எட்டாத சாமான்கள் பல. அலுமாரியின் மேல்தட்டு எட்டாது. பஸ்ஸில் தலைக்கு மேலே ஓடும் கம்பி எட்டாது. யாரோ ஒரு நெட்டை மேசன் தன்னுடைய கணக்குக்குக் கட்டிவிட்டுப் போன குசினித் தட்டில் இருக்கும் மிளகாய்த்தூள் போத்தலை எடுக்க வாங்கை இழுத்துப் போட்டு ஏற வேண்டும். இவையெல்லாம் சிறு வயதிலிருந்தே பழகிப் போனவை. ஆனால் தான் பெற்ற பிள்ளையே கைக்கு எட்டாமல் போகும் என்று எந்தத் தாயாவது எண்ணியிருப்பாளா?

எனது உயரம் நான்கு அடி ஒன்பது அங்குலம். சென்ரிமீற்றரில் சொன்னால் 145. முதற்பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் மருத்துவ மாது என்னைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். அட்டையில் எழுதினார். பிறகு என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இத டொக்டரிட்ட காட்டணும் மகள்" என்றார். குட்டையான தாய்மாருக்கு இடுப்பெலும்பின் வழி சிறிதாக இருக்கக்கூடும், பிள்ளை இறங்குவது தடைப்படலாம் என்பதால் எங்களைப் போன்றவர்களைத் தனியாகக் கவனிப்பார்கள். எனக்கும் கடைசியில் சிசேரியன்தான். 2014இல் மகன் பிறந்தான். பிள்ளையின் வாப்பா அப்போது கட்டாரில். வீட்டில் நானும் உம்மாவும்தான். அடுத்த தெருவிலிருந்து மாமி வந்து போவார்.

ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் வைத்த வீட்டுக்குக் கொழும்பிலிருந்து என் கணவரின் மூத்த நானா ஒரு தொட்டில் அனுப்பியிருந்தார். ஆடுகிற தொட்டில் அல்ல. கடைக்காரர்கள் 'பேபி கொட்' என்பார்களே, நாலு பக்கமும் கம்பு வைத்து, கட்டில் போல நிற்பது. வெள்ளை நிறம், கால்களில் சில்லு, அடியில் துணி வைக்க இரண்டு லாச்சி. தெருவே வந்து பார்த்தது. எங்கள் ஊரில் அப்படி ஒன்றை எல்லாரும் வாங்குவதில்லை.

முதல் நான்கு மாதமும் ஒரு குறையும் இல்லை. இந்த வகைத் தொட்டிலில் மெத்தை வைக்கும் அடித்தட்டை இரண்டு மூன்று படிகளில் ஏற்றி இறக்கலாம். பச்சைப் பிள்ளைக்கு அது மேற்படியில் இருக்கும். நின்ற நிலையில் பிள்ளையைக் கிடத்தலாம், எடுக்கலாம். வயிற்றுக் காயம் ஆறாத நாட்களில் அது எனக்குப் பெரிய உதவியாகவே இருந்தது.

ஐந்தாம் மாதம் பிள்ளை குப்புறப் புரண்டு, இரண்டு கையையும் ஊன்றி நெஞ்சைத் தூக்கத் தொடங்கினான். அப்படியான பிள்ளை அடுத்த சில வாரங்களில் உட்காரும், பிறகு கம்பைப் பிடித்து எழும்பும். அதற்கு முன் அடித்தட்டைக் கீழே இறக்கிவிட வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு இறக்கினோம். அன்றிரவு பிள்ளைக்குப் பால் கொடுத்து, தூங்க வைத்து, தொட்டிலில் கிடத்தப் போனபோதுதான் தெரிந்தது. மேல் விளிம்பு என் விலா எலும்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. என் கை மெத்தையைத் தொடவில்லை. விரல் நுனியில் உந்தி நின்றும், பிள்ளையைக் கடைசி நாலு அங்குலம் கைவிடத்தான் வேண்டியிருந்தது. "தொப்" என்று விழுந்த பிள்ளை விழித்துக்கொண்டான். மறுபடி பால், மறுபடி தாலாட்டு, மறுபடி "தொப்". ஸுபஹு பாங்கு சொல்லும்வரை இதே வேலை.

காலையில் மாமி வந்தார். அவர் நல்ல உயரம். ஒரு கையால் பேரனை அள்ளியெடுத்துக்கொண்டு, "என்னகா இது, புள்ளயத் தூக்கவும் ஒனக்குக் கை எட்டல்லயா?" என்று சிரித்தார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனாலும் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து கேட்டுப் பழகிய அந்தக் 'குட்டை'ப் பேச்சு, பிள்ளையின் முன்னால் கேட்டபோது வேறு மாதிரிச் சுட்டது.

மெய்யாகவே குறை என்னிடமா, தொட்டிலிடமா? உம்மாவின் தையல் நாடாவை எடுத்து அளந்து பார்த்தேன். நிலத்திலிருந்து மேல் விளிம்பு வரை 38 அங்குலம். அடித்தட்டு கீழ்ப்படியில் நிலத்திலிருந்து 12 அங்குலம். ஆகவே தொட்டிலின் ஆழம் 26 அங்குலம். என்னை அளந்தேன். முழங்கை 36 அங்குலத்தில் இருக்கிறது. உடம்பு மடிகிற இடம் இடுப்புத்தான், நெஞ்சு மடியாது. என் இடுப்பு மூட்டு ஏறத்தாழ 30 அங்குலத்தில். அதைவிட எட்டு அங்குலம் உயர்ந்த ஒரு சுவருக்கு மேலால் குனி என்றால் யாருக்கு முடியும்? மாமிக்கு அதே விளிம்பு இடுப்புக்குச் சற்று மேலேதான் வருகிறது. அவர் பாட்டில் மடிந்து குனிகிறார்.

சகோதரிகளே, இந்த இரண்டு அளவையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டிலிருந்து விளிம்பு வரையுள்ள ஆழம் பிள்ளைக்கு உரியது. நிலத்திலிருந்து விளிம்பு வரையுள்ள உயரம் தாய்க்கு உரியது. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, "நல்ல உயரமான தொட்டில், பிள்ளை விழாது" என்பார். பிள்ளை விழாமல் காப்பது ஆழம். நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த ஆழத்தில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்பது, பத்து மாதப் பிள்ளை விளிம்பைப் பிடித்து எழும்பி நிற்கும். அதற்குத் தலைதான் பாரம். விளிம்பு அதன் நெஞ்சுக்குக் கீழே வந்தால், எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும். அதனால்தான் ஐரோப்பிய நாடுகளின் விதியில், அடித்தட்டு கீழ்ப்படியில் இருக்கும்போது ஆழம் 60 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்று இருக்கிறது. நம் கணக்கில் இரண்டடி. அமெரிக்காவில் 66 சென்ரிமீற்றர், எனக்கு வந்த தொட்டிலின் 26 அங்குலம் அதுதான். மெத்தை போட்ட பிறகும் மெத்தையின் மேற்புறத்திலிருந்து விளிம்பு வரை 50 சென்ரிமீற்றராவது மிஞ்ச வேண்டும். மெத்தை நாலு அங்குலத்தைத் தாண்டினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும்.

தாயின் உயரத்தை யாரும் விதியில் எழுதவில்லை. 2016இல் உலக நாடுகள் எல்லாவற்றிலும் மனிதரின் உயரத்தை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியானது. அதில் லத்வியா நாட்டுப் பெண்கள் சராசரியாக 170 சென்ரிமீற்றர். நம் நாட்டுப் பெண்கள் ஏறத்தாழ 155. அரை அடி வித்தியாசம். அங்குள்ள தாயின் இடுப்புக்குப் பார்த்துச் செய்த சாமான் இங்கே வந்திறங்கினால் நம்மில் பலருக்கு வயிற்றுக்கு மேலேதான் நிற்கும். என்னைப் போன்றவளுக்கு விலாவுக்கு வந்துவிடும். மாமியின் பேச்சுக்கு என்னிடம் இப்போது பதில் இருந்தது. சொல்லவில்லை, வைத்துக்கொண்டேன்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை. உம்மா சொன்னது, மெத்தைக்குக் கீழே இன்னொரு மெத்தையை மடித்து வை என்று. மெத்தையை உயர்த்துவதும் விளிம்பைத் தாழ்த்துவதும் ஒன்றுதான். ஆழம் போய்விடும். அதோடு இரண்டு மெத்தைக்கும் கம்புக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் பிள்ளையின் முகம் அதில் போய்ப் புதையும். மெத்தை ஒன்றுதான், அதுவும் கெட்டியாக, ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் நுழையாதபடி. தலையணை, பஞ்சுத் திண்டு எதுவும் தொட்டிலுக்குள் வேண்டாம். கம்பைச் சுற்றிக் கட்டுகிற பஞ்சுத் தடுப்பை அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே தடைசெய்துவிட்டார்கள்.

ராத்தா சொன்னது ஸ்டூல். தொட்டிலுக்கு முன்னால் ஒரு படி உயரத்துக்குப் பலகை போட்டு ஏறிக்கொள் என்றார். பல வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஏழெட்டுக் கிலோ பிள்ளையை நெஞ்சோடு அணைத்திருப்பவளுக்குத் தன் கால் தெரியாது. இரவு இரண்டு மணி, தூக்கக் கலக்கம், கரண்ட் இல்லை. எங்கள் தெருவில் ஒரு தங்கை அப்படியொரு வாங்கிலிருந்து சறுக்கினாள். பிள்ளை தொட்டிலுக்குள்ளேயே விழுந்ததால் அல்லாஹ் காப்பாற்றினான். அவளுக்கு மணிக்கட்டு உடைந்து ஆறு கிழமை மாவுக்கட்டு. பிள்ளைக்கு மூன்று மாதம், பால் கொடுக்கிற தாய். அந்த ஆறு கிழமையும் அவள் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டவள்.

இன்னொருவர் சொன்னது, பக்கம் சறுக்கி இறங்குகிற தொட்டிலாக மாற்றிக்கொள் என்று. ஒரு கொளுக்கியை எடுத்தால் ஒரு பக்கச் சட்டம் முழுதாகக் கீழே இறங்கும். குட்டைத் தாய்க்கு அதைவிட வசதி இல்லை என்றுதான் நானும் நினைப்பேன். ஆனால் அந்தச் சட்டம் நாளாக ஆக இளகி, ஒரு மூலை கழன்று, பிள்ளை அந்த இடுக்கில் சிக்கி மூச்சடைத்த சம்பவங்கள் நடந்தன. 2000ஆம் ஆண்டிலிருந்து பத்து வருடத்துக்குள் அமெரிக்காவில் மட்டும் குறைந்தது 32 குழந்தைகள் இப்படி இறந்ததாக அங்குள்ள பாதுகாப்பு ஆணையம் கணக்குக் காட்டியது. 2011 ஜூன் முதல் அவ்வகைத் தொட்டிலை அங்கே செய்யவும் விற்கவும் கூடாது. தொட்டில் இலேசில் உடைந்து போகிற சாமான் அல்ல, வீடு வீடாகக் கைமாறும். வெளிநாட்டிலிருந்து யாராவது பழைய தொட்டில் கொண்டுவந்து தந்தால் முதலில் பக்கச் சட்டம் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

மாமி மட்டும் ஒரே முடிவாக, "ஏணையக் கட்டுங்க. நான் ஏழு புள்ளைய ஏணையிலதான் வளத்தன்" என்றார்.

ஏணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்து ஆட்கள் தாயின் உயரத்தை மறக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வளையிலிருந்து இறங்குகிற கயிறு. தாய் நெட்டையென்றால் ஒரு முடிச்சு ஏற்றுவார்கள், குட்டையென்றால் இறக்குவார்கள். என் மூத்தம்மா என்னைவிடக் குட்டை. அவர் வீட்டு ஏணை நிலத்திலிருந்து ஒரு முழம்கூட இராது. பாயில் உட்கார்ந்து ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் அரிசி தெரிவார். தரையில் வாழ்ந்தவர்களுக்குத் தரையோடு ஒட்டிய தொட்டில். நாங்கள் கட்டிலுக்கும் கதிரைக்கும் ஏறிவிட்டோம், தொட்டிலும் கூடவே ஏறிவிட்டது. ஆனால் ஏணைக்கும் ஒரு காலம் உண்டு. துணி குழிந்து பிள்ளையின் நாடி நெஞ்சில் இடித்தால் மூச்சு சிரமப்படும். அதனால்தான் மட்டமான, கெட்டியான இடத்தில், மல்லாக்காகக் கிடத்திப் பிள்ளையைத் தூங்க வைக்கும்படி இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். புரளவும் எழும்பவும் தொடங்கிய பிள்ளையை ஏணையில் விட்டுவிட்டு ஒரு நிமிடம் கண்ணை எடுக்க முடியாது. என் மகன் அந்த வயதைத் தொட்டுவிட்டான்.

தொட்டிலே வேண்டாம், நிலத்தில் கெட்டி மெத்தை போட்டுக் கிடத்து என்றும் சொல்லலாம். தவறில்லை. எங்கள் வீட்டில் எறும்பு. மழைக்காலத்தில் நிலம் கசியும். அதனால் நான் அதற்குப் போகவில்லை.

கடைசியில் ஓடாவியாரைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக் கதவு நிலையெல்லாம் அவர் கை வேலை. தொட்டிலைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "விளிம்ப அரிஞ்சிருவமா மகள்? ஆறங்குலம் எடுத்தா சரியா வரும்" என்றார். நான் நாடாவை நீட்டி, "விளிம்பில கை வைக்காதீங்க. கால அரிங்க" என்றேன். சற்று நேரம் தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார்.

முதலில் சில்லுகளைக் கழற்றினார். அதிலேயே இரண்டு அங்குலம் குறைந்தது. லாச்சி இரண்டையும் எடுத்துவிட்டார். பிறகு நாலு காலிலும் பென்சிலால் கோடு கிழித்து, நாலு நாலு அங்குலம் அரிந்தார். அரிந்த முகத்தைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து, ரப்பர் தட்டு அடித்து, நிலத்தில் ஆடாமல் நிற்கிறதா என்று நாலு மூலையையும் அழுத்திப் பார்த்தார். போல்ட்டுகளை எல்லாம் ஒருமுறை இறுக்கினார். மாதம் ஒருமுறை இறுக்கச் சொன்னார், நானும் இறுக்கினேன். மேல் விளிம்பு இப்போது 32 அங்குலம். அடித்தட்டு நிலத்திலிருந்து ஆறு அங்குலம். மெத்தைக்குக் கீழே காற்றோட அது போதும், ஈர்க்கில் கட்டும் நுழையும். பிள்ளையின் ஆழம் அதே 26 அங்குலம். பாரம் கீழே இறங்கியதால் தொட்டில் முன்னைவிட உறுதியாக நின்றது.

லாச்சியை எடுத்ததில் நான் எதிர்பார்க்காத ஒரு நன்மை கிடைத்தது. முன்னர் என் கால்விரல் லாச்சியில் இடித்து, நான் ஒரு பாத தூரம் பின்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. இப்போது பாதம் தொட்டிலுக்கு அடியில் போகிறது, வயிறு விளிம்போடு ஒட்டி நிற்கிறது. குனியும்போது முதுகு இழுபடவில்லை. அடியில் லாச்சி வைத்த தொட்டில் பார்க்க அழகுதான். குட்டைத் தாய் அதை வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

அன்றிரவு பிள்ளையைக் கிடத்தினேன். முதலில் அவனுடைய பிருஷ்டம் மெத்தையில் பட்டது, பிறகு முதுகு, பிறகு தலை. அதற்குப் பிறகுதான் கையை உருவினேன். விழிக்கவில்லை. நான் அந்த இருட்டில் தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடும். ஒரு கிழமை தூங்காதவள், சும்மாவும் அழுவாள்.

அடுத்த நாள் மாமிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவருடைய உயரத்துக்கு அந்த விளிம்பு தொடைக்கு வந்துவிட்டது, அள்ளியெடுப்பதற்குள் பாதி மடிய வேண்டும். "ஒனக்கு எட்டுது, எனக்கு முறியுது" என்றார். இதற்கு நடுவழி இல்லை. வீட்டில் இரண்டு உயரம் இருந்தால் யார் இரவில் எழும்புகிறாரோ அவருடைய உயரத்துக்குத்தான் தொட்டில். மாமி பகலில் இரண்டு தரம் எடுப்பார், நான் இரவில் ஐந்து தரம். இதை அவரிடம் பணிவாகத்தான் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை வந்தபோது தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேரனோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் அடித்தட்டைக் கீழ்ப்படிக்கு இறக்கித் தரச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர்கள் எப்போதும் மேற்படியில்தான் வைத்துக் காட்டுவார்கள். ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைக் கொண்டுபோய், சத்தம் வராமல் மெத்தையில் வைத்து, திரும்ப எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பிள்ளை பிறக்குமுன் வாங்கப் போகிறீர்களென்றால் வயிற்றோடு குனிய முடியாது, பாரமும் தூக்கக் கூடாது. உங்கள் உயரத்தில் ஒரு தங்கையோ மச்சியோ இருந்தால் கூட்டிப் போய் அவளைக் கொண்டு பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு. வீட்டில் யாரும் செருப்போடு தொட்டிலடியில் நிற்பதில்லை.

ஓடாவியாரிடம் சொல்லிச் செய்விப்பவர்களுக்கு இன்னும் நல்லது, அளவு நம் கையில். ஆழம் இரண்டடிக்குக் குறையாமல். மேல் விளிம்பு உங்கள் இடுப்பு மூட்டிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாமல். இரண்டையும் கொடுத்தால் கால் எவ்வளவு என்பது தானாக வந்துவிடும். கம்புக்குக் கம்பு இடைவெளி இரண்டு அங்குலம், கூடினால் இரண்டேகால். அதற்கு மேல் விட்டால் பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை சிக்கும். மூலைக் கால்களில் குமிழ் வைத்து அழகுபடுத்த வருவார்கள், சட்டைக் கழுத்து அதில் மாட்டிக்கொள்ளும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நுளம்பு வலைக்குத் தொட்டிலில் கம்பு நடாமல் மேலே வளையிலிருந்து தொங்க விட்டால் குட்டைக் கைக்கும் விலக்கச் சுலபம்.

என் மகன் மூன்று அடியை நெருங்கி, ஒரு நாள் விளிம்பில் காலைத் தூக்கிப் போட்டபோது அவனைக் கட்டிலுக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு என் மகள் அதில் கிடந்தாள், பிறகு ராத்தாவின் பேத்தி. இப்போது மாமியின் கடைசி மருமகளுக்கு வேண்டுமாம். அவள் ஐந்தடி ஐந்து அங்குலம். ஓடாவியார் அரிந்த நாலு துண்டையும் மாமி இத்தனை வருடமும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. "இந்தா, இதயும் சேத்து அனுப்பு, காலுக்குக் கீழ வைக்கட்டும்" என்று கொண்டுவந்து தந்தார். துண்டை முட்டுக்கொடுத்தால் தொட்டில் சறுக்கும். தொட்டிலை மட்டும் அனுப்பினேன். அவள் கொஞ்சம் குனியட்டும்.